வழிப்பறியும் வழிபாடும்: பத்தாம் சங்கீதமும் முருகன்பூண்டிப் பதிகமும்

அன்னூரிலிருந்து அவிநாசி வந்து, திருப்பூர்ச் சாலையில் சற்றுத் தூரம் போனால் திருமுருகன்பூண்டி. சுந்தரரிடம் வேடுவர் வழிப்பறி செய்ததாகச் சொல்லப்படும் இடம். ஏழாம் திருமுறையில் உள்ள அவரது முருகன்பூண்டிப் பதிகத்தை எபிரேயச் சங்கீதங்களோடு சேர்த்து வாசித்தால், பகை, நம்பிக்கை ஆகிய இரண்டைப் பற்றியும் நாம் பழக்கத்தில் சொல்லிவரும் சில முடிவுகள் ஆட்டம் காண்கின்றன.

நெருங்கிய ஒப்புமை பத்தாம் சங்கீதம். கிராமத்து ஒதுக்கிடங்களில் பதுங்கி, சிங்கம்போல் காத்திருந்து, எளியவனை வலையில் இழுக்கும் கொடியவன் அதில் வருகிறான். அவனுக்குப் பெயரில்லை, குலமில்லை, ஊருமில்லை. இருபத்திரண்டாம் சங்கீதத்திலும் பகைவர் காளையாக, நாயாக, சிங்கமாகவே வருகிறார்கள். முகம் இல்லாததால்தான் எந்தக் காலத்தவரும் தம் பகைவனை அந்த இடத்தில் வைத்துப் பாட முடிகிறது.

சுந்தரரின் பகைவருக்கு முகம் உண்டு. வடுக வேடுவர், கிழிந்த துணி உடுத்து, இடையில் கத்தி செருகியவர்கள். வில்லைக் காட்டி மிரட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள், கட்டிய துணியையும் உருவிக்கொள்கிறார்கள். பாலைத்திணையின் ஆறலை கள்வர் பக்திப் பாட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள் எனலாம்.

இரு பாடல்களிலும் கடவுளை நோக்கிக் கேள்வி எழுகிறது. ஆனால் கேள்வி ஒன்றல்ல. ஏன் தொலைவில் நிற்கிறீர் என்கிறது சங்கீதம். சுந்தரரோ, உமையோடு இந்தக் கள்ளர் ஊரில் எதற்காகக் குடியிருக்கிறீர் என்கிறார். பெண்டாட்டியோடு ஆகாத இடத்தில் வீடு பிடித்தவரை உறவுக்காரர் கடிந்துகொள்ளும் தொனி அது. அங்கே கடவுள் வரவேண்டியவர். இங்கே ஆபத்தின் நடுவிலேயே இருப்பவர்.

நம்பிக்கை முறையீட்டுக்குப் பின் வரும் ஆறுதல் என்பது பொதுவான வாசிப்பு. பத்தாம் சங்கீதம் அதற்கு இடம் தருகிறது. கடவுளை அரசராக அறிவித்து, சிறுமைப்பட்டோரின் வேண்டுதல் கேட்கப்பட்டது என்று முடிகிறது. சுந்தரர் முதல் ஒன்பது பாட்டிலும் கேள்வியை விடவில்லை. கடிந்துகொள்ளும் உரிமையே அவருக்கு நம்பிக்கை என்பது என் வாதம். கேட்க ஆளில்லை என்று நினைப்பவன் இத்தனை முறை கேட்கமாட்டான்.

இரு மரபிலும் பின்வந்தோர் பாட்டுக்குக் கதைச் சட்டம் இட்டார்கள். பதின்மூன்று சங்கீதங்களின் தலைப்புகள் அவற்றைத் தாவீதின் வாழ்க்கைச் சம்பவங்களோடு இணைக்கின்றன. பத்தாம் சங்கீதத்துக்கு அத்தகைய தலைப்பு இல்லை. முருகன்பூண்டிக்கோ 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கதை சொன்னார்: வேடுவராக வந்தவை சிவபூதங்கள்; சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளைப் பறித்து, பாட்டுக் கேட்டதும் திருப்பித் தந்தன. அழகான கதைதான். ஆனால் கொள்ளையே திருவிளையாட்டு ஆனபின் பதிகத்தின் கோபத்துக்கு வேலையில்லை. பதிகத்தின் கடைசிப் பாட்டு, இதைக் கொண்டு இறைவனை ஏத்துவோருக்கு இடரில்லை என்கிறது. பறிபோன பொருள் திரும்பி வந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை.