முதியோரின் பொருள் குவிப்புக் கோளாறு

பொருள் குவிப்புக் கோளாறு ஒரு மனநலப் பாதிப்பு. இதற்கு ஆளானவர் பொருள்களைக் கைவிட முடியாமல் சேர்த்துக்கொண்டே போவார். நாளடைவில் வீட்டின் அறைகள் புழங்குவதற்கு உதவாமல் போகும். கட்டிலில் படுக்க இடமில்லாமை, குசினியில் அடுப்பை நெருங்க முடியாமை, கதவைத் திறக்க இயலாமை ஆகியவை முற்றிய நிலையின் அறிகுறிகள். இது சோம்பலோ கஞ்சத்தனமோ அல்ல. இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில், மூத்தோர் பெரும்பாலும் மகளின் வீட்டிலோ அதே வளவிலோ வாழ்கின்றனர். எனவே இங்கு இக்கோளாறு குடும்பம் முழுவதையும் பாதிக்கிறது.

வரையறையும் பரவலும்

நெடுங்காலம் இது எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. 1996இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரண்டி ஃப்ராஸ்ட், தமரா ஹார்ட்ல் இருவரும் இதைத் தனியாக விளக்கும் கோட்பாட்டை முன்வைத்தனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலும் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு ஆய்வுகளின் தொகுப்பின்படி வயதுவந்தோரில் ஏறத்தாழ 2.5 வீதத்தினருக்கு இது உண்டு. 2017இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில் முதியோரிடம் இது 6 வீதத்தைத் தாண்டியது.

பழக்கம் பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கி, பத்தாண்டுக்குப் பத்தாண்டு வலுக்கிறது. வாழ்நாளெல்லாம் ஒழுங்காக இருந்தவர் எழுபது வயதில் திடீரெனக் குப்பையைக்கூடச் சேர்க்கத் தொடங்கினால், மறதிநோய், பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவற்றில் ஒன்று காரணமா என்று வைத்தியர் பார்க்க வேண்டும்.

கரையோர ஊர்களின் பின்னணி

இவ்வூர்களின் மூத்தோர் இழப்பை மீண்டும் மீண்டும் கண்டவர்கள். 1970களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு, 1978 நவம்பரில் சூறாவளி, பின்னர் 2009 வரை நீடித்த போர், 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நீண்ட வரிசைகள் என அவர்களின் ஆயுள் கழிந்துள்ளது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இறந்தோர் 10,000க்கும் மேல். காணி உறுதி, அடையாள அட்டை, மௌத்தானவர்களின் படங்கள் எனப் பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதன் பின்னர் ஒருவர் ஒவ்வொரு காகிதத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி வைப்பதில் நியாயம் இருக்கிறது; அதை உடனே நோய் என்று சொல்லிவிடக் கூடாது. முன்பு பட்ட பொருள் பற்றாக்குறைக்கும் இக்கோளாறுக்கும் தெளிவான தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அதிர்ச்சியும் இழப்பும் இதனுடன் சேர்ந்தே வருவதை அவை காட்டியுள்ளன.

இழப்புக்கு அடுத்த பின்னணி வீட்டின் உரிமை. கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பேணுபவர்கள். வீடு சீதனமாக மகளுக்குப் போகும். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிந்துள்ளார். மகளுக்கு வீட்டைக் கொடுத்த உம்மாவும் வாப்பாவும் ஓர் அறைக்கோ பக்கத்துச் சாய்ப்புக்கோ ஒதுங்கும்போது, தம் சொல் செல்லும் இடமாக அவர்களுக்கு எஞ்சுவது சொந்தப் பொருள்கள்தான். ஓர் அலுமாரியைத் திறப்பது அந்த அதிகாரத்தில் கை வைப்பதாக அவர்களுக்குத் தோன்றலாம்.

ஆபத்துகள்

முதியவருக்கு முதல் ஆபத்து தடுக்கி விழுதல். ஒரு முறை இடுப்பெலும்பு முறிந்தால் பலர் முன்போல் நடப்பதில்லை. அடுத்தது தீ. மெல்பேர்ன் நகரத் தீயணைப்புப் பிரிவின் 1999–2009 காலப் பதிவுகளில், வீட்டுத் தீவிபத்துகளில் பொருள் குவிந்த வீடுகளின் பங்கு மிகச் சிறியது; ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய உயிரிழப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அவ்வீடுகளில்தான் நேர்ந்தது. கரையோர ஊர்களில் டெங்கும் சேர்கிறது. வளவில் கிடக்கும் டயர், சிரட்டை, உடைந்த வாளி ஆகியவற்றில் மாரி மழை தேங்கினால் நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளிப்பது தண்டனைக்குரிய குற்றம்.

உதவும் முறை

குடும்பத்தார் வழக்கமாகச் செய்வது, பெருநாளுக்கு முன்போ மூத்தவர் வைத்தியசாலையில் இருக்கும்போதோ, அவருக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் வெளியே வீசுவது. அன்பினால் செய்தாலும் இது தீங்கான வழி. பழக்கம் மாறாததால் வீடு மீண்டும் நிறைகிறது, நம்பிக்கையோ முறிந்துவிடுகிறது. எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு பொருளுக்குரியவரின் வாயிலிருந்தே வர வேண்டும்.

தொடங்க வேண்டியது பாதுகாப்பிலிருந்து. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழி, அடுப்பைச் சுற்றிய இடம், வெளிக்கதவு ஆகிய மூன்றையும் முதலில் திறந்துவிட வேண்டும். தொழுகைப்பாய் விரிக்க இடம் வேண்டும் என்பதை மூத்தவரே விரும்புவார் என்பதால், அந்த மூலையிலிருந்து தொடங்குவது எளிது. “இதெல்லாம் குப்பை” என்பதைவிட, “உம்மா, இதுல எதை முதல்ல பாப்பம்? நீங்களே சொல்லுங்க” என்பது கதவைத் திறக்கும். ஒரு நாளில் ஒரு பெட்டி போதும். வைப்பது, கொடுப்பது, விடுவது என மூன்று குவியல்கள் போடலாம். ஒவ்வொரு பொருளின் கதையையும் பொறுமையாகக் கேட்பது வேலையின் பாதி.

கைவிடுவது கடினமாக இருப்பவருக்குக் கொடுப்பது எளிதாகலாம். உடுப்பும் பாத்திரமும் தேவைப்படும் குடும்பத்துக்கு ஸதக்காவாகப் போகும்போது பொருள் வீணாகவில்லை என்ற நிறைவு கிடைக்கிறது. கிழிந்த குர்ஆன் பிரதிகளை என்ன செய்வதென்று பள்ளிவாசல் நிருவாகத்தைக் கேட்கலாம். மௌத்தானவரின் உடைமைகள் மார்க்கப்படி வாரிசுகளுக்கு உரியவை. அவற்றை எல்லோரும் அறியப் பிரிக்க வேண்டும். காணி உறுதிகளுக்குத் தனிக் கோப்பும் படப்பிரதியும் அவசியம். அரபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய கடிதங்கள், மருதமுனை நெசவு மாதிரிகள் போன்றவை ஊரின் வரலாறு. 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலக நிறுவனத்தை இவற்றுக்காக அணுகலாம்.

சிகிச்சையும் சேவைகளும்

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே அதிகம் ஆராயப்பட்ட முறை. முதியோருக்காக, திட்டமிடல், நினைவாற்றல் பயிற்சிகளைப் பொருள் பிரித்தலுடன் இணைக்கும் முறையை அமெரிக்காவில் கெத்தரின் அயர்ஸ் குழுவினர் உருவாக்கினர். மருந்து பெரும்பாலும் உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பயன்படுகிறது.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை உள்ளிட்ட அரச வைத்தியசாலைகள் வழியாக உளநல வைத்தியரை அடையலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணும் உண்டு. வளவில் நுளம்பு பெருகும் நிலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைக்கும் குடும்பம், தண்டப் பத்திரத்துக்கு முன் அறிவுரையைக் கேட்டுப் பெறுவது நல்லது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது. பொருளைக் காரணம் காட்டி மூத்தவரை வீட்டைவிட்டு அனுப்புவது தீர்வாகாது.

பழக்கம் திரும்பி வருவது இயல்பு. அதனால் கிழமைக்கு ஒரு மணிநேரம் அவருடன் அமர்ந்து பிரிக்கும் வழக்கத்தை ராத்தா, தங்கை, பேரப்பிள்ளைகள் பங்கிட்டுத் தொடர வேண்டும். எவ்வளவு பொருள் வெளியே போனது என்பதைக் கொண்டு முன்னேற்றத்தை அளக்கக் கூடாது. மூத்தவர் விழாமல் நடக்கிறாரா, தன் அறைக்கு விருந்தாளியை அழைக்கிறாரா, அடுத்த பெட்டியைத் தானே திறக்கிறாரா என்பவையே சரியான அளவுகள்.