தோள் எலும்புத் தசைகள்

தோள் எலும்புத் தசைகள் என்பன முதுகின் மேற்பகுதியில் இருபுறமும் அமைந்துள்ள முக்கோண வடிவத் தோள் எலும்புடன் இணைந்த தசைகள் ஆகும். பேச்சு வழக்கில் இவ்வெலும்பு தோள்பட்டை எனப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் 17 தசைகள் உள்ளதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. முதுகின் அகன்ற தசையான லாட்டிசிமஸ் டோர்சை எல்லோருக்கும் இவ்வெலும்பைத் தொடுவதில்லை. அதனை விட்டு எண்ணுவோரும் உளர்.

தோள் எலும்பு இரண்டாம் விலா எலும்பு முதல் ஏழாம் விலா எலும்பு வரை பரவி, விலாக்கூட்டின் மீது வழுக்கி நகர்கிறது. உடற்பகுதியின் எலும்புகளோடு இதற்குள்ள ஒரே எலும்புத் தொடர்பு காறை எலும்பு வழியானது. எனவே கையின் அடித்தளத்தை நிலைநிறுத்துபவை பெரும்பாலும் தசைகளே.

பெயர்கள்

தமிழகப் பாடநூல்களில் இருதலைத் தசை, முத்தலைத் தசை போன்ற சில பெயர்களே நிலைபெற்றுள்ளன; பிற தசைகள் இங்கு இலத்தீன் பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன. இம்முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்தில், 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" என்னும் உடற்கூற்றியல் நூல் வெளிவந்தது.

உடலுடன் பிணைக்கும் தசைகள்

டிரப்பீசியஸ், லிவேட்டர் ஸ்கேப்புலே, இரு ராம்பாய்டு தசைகள், சிறு மார்புத் தசை, செரேட்டஸ் ஆன்டீரியர் ஆகியன தோள் எலும்பை உடலோடு பிணைக்கின்றன. ஓமோஹயாய்டு என்னும் மெல்லிய தசை தோள் எலும்பில் தொடங்கினாலும், தொண்டையிலுள்ள நாவடி எலும்பையே கீழிழுக்கிறது.

கையைத் தலைக்கு மேல் முழுதும் உயர்த்தும்போது ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலும், 60 பாகை தோள் எலும்பின் சுழற்சியிலும் கிடைக்கிறது. டிரப்பீசியஸின் மேல் இழைகள் தோளின் வெளிமுனையை மேலே இழுக்கின்றன. கீழ் இழைகள் உள்முனையைக் கீழே இழுக்கின்றன. செரேட்டஸ் எலும்பின் கீழ்முனையை வெளிப்புறமாக முன்னோக்கி இழுக்கிறது. இயற்பியலில் இரட்டை எனப்படும் விசை அமைப்பை இது ஒத்தது. பேருந்து ஓட்டுநர் இரு கைகளாலும் சுக்கானைத் திருப்புவதை நினைத்துக் கொள்ளலாம்.

கையை இயக்கும் தசைகள்

சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், சிறு டெரிஸ், சப்ஸ்கேப்புலாரிஸ் ஆகிய நான்கும் மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அதன் ஆழமற்ற குழியில் அழுத்திப் பிடிக்கின்றன. இவற்றுள் பெரும்பாலும் கிழிவது சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் ஆகும். முதியோரிடம் இக்கிழிவு எவ்வித வலியுமின்றியும் காணப்படுவதுண்டு.

டெல்டாய்டு, பெரிய டெரிஸ், கோரகோபிரேக்கியாலிஸ், இருதலைத் தசை, முத்தலைத் தசையின் நீண்ட தலை ஆகியனவும் இவ்வெலும்பில் தொடங்குகின்றன.

நரம்புச் சேதம்

செரேட்டஸ் தசைக்குச் செல்லும் நீண்ட மார்பு நரம்பு, அத்தசையின் வெளிப்பரப்பின் மீதே கீழிறங்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது அறுவை மருத்துவர்கள் இந்நரம்பைத் தேடிக் கண்டு காக்க வேண்டியுள்ளது. இது சேதமுற்றவர் சுவரை இரு கைகளாலும் தள்ளினால், தோள் எலும்பின் உள்விளிம்பு சிறகு போலப் புடைத்தெழும். கொடியில் துணி காயப்போடுவதும் தலை வாருவதும் கடினமாகிவிடும்.

டிரப்பீசியஸை இயக்கும் பதினொன்றாம் மூளை நரம்பும் கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்கு அருகிலேயே செல்கிறது. கழுத்திலுள்ள நெறிக்கட்டு ஒன்றைச் சோதனைக்கு எடுக்கும் சிறு அறுவையிலும் இது அறுபடக்கூடும். அவ்வாறாயின் தோள் சரிந்து, கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது கடினமாகும். எனவே அத்தகைய அறுவைக்குப் பின் தோளில் தளர்ச்சி தோன்றினால், அதனை வெறும் வலியென விடாது விரைவில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அறுபட்ட நரம்பைச் சீரமைக்கும் வாய்ப்பு காலம் கடக்கக் கடக்கக் குறைகிறது.