கேட்கிற பெட்டியும் கதைக்கிற பெட்டியும்

தொண்ணூறுகளில் றேடியோ கேட்ட கதை இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவை ரயரில முட்ட விட்டு, ஒராள் பெடலைக் கையால சுத்த, மற்றாக்கள் பெட்டிக்குக் கிட்ட இருந்து பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்ட கதை. 1990இல் கரண்ட் போய்விட்டது. பற்றரி தடைப்பட்டியலில் இருந்தது. மின்நிலையம் வைத்திருந்த சுன்னாகமே இருட்டில் கிடந்தது. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற், அதுவும் ஆடலோட்டம். டயோட் போட்டு அதை நேரோட்டமாக்கி, கொண்டென்சர் வைத்து அலையை அடக்காவிட்டால் செய்திக்குப் பதிலா இரைச்சல்தான் வரும். பௌதிகம் படிக்காத ஆக்களும் இதைச் செய்து முடித்தார்கள்.

நாங்கள் இந்தக் கதையைக் கெட்டித்தனத்தின் கதையாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். அது சரிதான். ஆனால் அதில் வருகிற பெட்டிகள் எல்லாம் கேட்கிற பெட்டிகள். லண்டன் சொல்லும், மணிலா சொல்லும், நாங்கள் கேட்போம். திருப்பிக் கதைக்கிற பெட்டி ஊரில் இல்லாமல் இல்லை. அதுக்குப் பெயர் வோக்கி. வோக்கி எண்டால் இயக்கம், இல்லாட்டி ஆமி. மூன்றாவது ஆள் ஒருவர் அதைக் கையில வைச்சிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த மூன்றாவது ஆளுக்கு உலகம் முழுக்க ஒரு பெயர் உண்டு: ஹாம். சம்பளத்துக்கோ படைக்கோ இல்லாமல், பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்து, சொந்தமாகக் கட்டின அல்லது வாங்கின ரான்சீவரில் உலகத்தோடு கதைக்கிற ஆள். அழைப்புக்குறி ஒன்று கிடைக்கும், இலங்கையில் அது 4எஸ் என்று தொடங்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஹம்பாந்தோட்டையில் தொலைபேசி விழுந்துபோக, இலங்கை வானொலிச் சங்கத்தின் ஹாம்கள், விக்டர் குணதிலக்க போன்றவர்கள் முன்நிற்க, சிற்றலைப் பெட்டிகளோடு அங்கே போய்க் கொழும்போடு தொடர்பு எடுத்துக் கொடுத்தார்கள். அதே நாளில் அந்தமானில், வேறு அலுவலாக அங்கே போயிருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாத், போர்ட் பிளேயரில் இருந்து தன் பெட்டியால் அதே வேலையைச் செய்தார். வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் அடித்ததும் அதே கடல்தான்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஹாம் பெட்டிகள் என்றால் பெரும்பாலும் ஜப்பான் கொம்பனிச் சாமான், விலையும் ஜப்பான் விலை. அந்த நிலையில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி வீயூ2ஈஎஸ்ஈ) 2003 அளவில் பிட்எக்ஸ் என்ற ரான்சீவரின் வரைபடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டார். அதன் சூட்சுமம் பெயரிலேயே இருக்கிறது: இருதிசை. வழமையாகக் கேட்பதற்கு ஒரு பாதை, அனுப்புவதற்கு ஒரு பாதை. இவர் இரண்டு பக்கமும் ஓடுகிற அம்ப்ளிஃபயர்களைக் கட்டி, ஒரே படிக வடிகட்டியை இரண்டு வேலைக்கும் போட்டார். ரான்சிஸ்டர் எல்லாம் றேடியோ திருத்துகிற கடையில் கிடைக்கிற சாதாரண இனம். கடைசிக் கட்டத்தில் ஆன்டெனாவுக்குச் சக்தி கொடுப்பது ஐஆர்எஃப்510. பவர் சப்ளைகளில் சுவிட்சாக வேலை செய்யப் பிறந்த ஒன்று, றேடியோவுக்கு எண்டு செய்ததே இல்லை. சுருள் சுற்றுவதற்கு விசேட வளையம் கிடைக்காதவர்களுக்காக அவர் காட்டிய வழி தண்ணிப் பைப் வாஷர். டைனமோவில் றேடியோ ஓட்டின ஊருக்கு இந்தப் புத்தி அந்நியமானதில்லை.

2017 டிசம்பரில் அதன் பெரிய தம்பி மைக்ரோ பிட்எக்ஸ் வந்தது. 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை முழுச் சிற்றலையும், 109 டொலருக்கு. சுருள்களை உள்ளூர்ப் பெண்கள் கூட்டாகச் சுற்றினார்கள். வாங்கினவர்கள் பெட்டியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினதும்தான் உண்மையான சரித்திரம் தொடங்குகிறது.

முதலில் சின்னச் சின்னக் குணங்கள். 7 மெகாஹேர்ட்ஸில் 10 வாற் தருகிற பெட்டி 28க்கு ஏறும்போது இரண்டு மூன்று வாற்றுக்கு இளைத்துவிடும். கதைத்து முடித்துக் கேட்கப் போனால் காதுக்குள் 'டப்' எண்டு அடிக்கும். முதல் தொகுதியில் சில பெட்டிகளின் ஒலிச் சிப் 12 வோல்ற் கொடுத்ததும் வெடித்தது. எந்த எழுத்துப் பொறித்த சிப் வெடிக்கிறது என்று வாங்கினவர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். அடுத்த பதிப்பில் அந்தச் சிப்பே இல்லை.

2018இல் வந்தது பெரிய பிரச்சினை. பெட்டி 7இல் அனுப்பினால் 14, 21 என்று மடங்கு அலைவரிசைகளிலும் அதன் நிழல் விழும். எல்லா ரான்ஸ்மிற்றரும் அப்படித்தான், அதை நிறுத்தத்தான் கடைசியில் வடிகட்டி. இந்தப் பெட்டியில் ரிலேக்களும் செப்புப் பாதைகளும் நெருக்கமாய் இருந்ததால் நிழல் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது. அமெரிக்க விதிப்படி தேவையில்லாத அலை 43 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 20,000இல் ஒரு பங்குக்குக் கீழே இருக்கவேண்டும். கருவி வைத்திருந்தவர்கள் அளந்தார்கள், தேறவில்லை. 109 டொலருக்கு வேறென்ன எதிர்பார்க்கிறியள் எண்டு ஒரு பக்கம். இதை ஆன்டெனாவில் கொழுவவே கூடாது எண்டு மறுபக்கம்.

எனக்கு இரண்டாவது பக்கம்தான் சரியாகப் படுகிறது. கேட்கிற பெட்டியில் பிழை எண்டால் உங்கட காதுக்கு மட்டும்தான் கரைச்சல். கதைக்கிற பெட்டியின் பிழை மற்றவனுடைய காதுக்குள்ள போகும். லைசன்ஸும் பரீட்சையும் இருக்கிறதுக்கு நியாயமான காரணம் இதுதான், பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லப்படுகிற காரணம் இல்லை. ஆனால் முதலாம் பக்கத்துக்காரரும் சும்மா இருக்கவில்லை. ரிலேயை மாற்றினார்கள், பாதையை வெட்டினார்கள், தனி வடிகட்டிப் பலகை செய்தார்கள், அளந்து படம் போட்டார்கள். பின்வந்த பதிப்பில் அந்தப் பகுதியே திருத்தி வரையப்பட்டது. வரைபடம் திறந்து கிடந்ததால்தான் இது முடிந்தது. மூடின பெட்டி எண்டால் கொம்பனிக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான்.

எங்கட பக்கத்தில் பெட்டியைத் திறக்கத் தெரிந்த கைகள் அப்பவும் இருந்தன. இல்லாமல் இருந்தது, திறந்ததைப் பற்றி வெளியில கதைக்கிற இடம். டைனமோவில் எந்தக் கொண்டென்சர் சரிவந்தது என்பது ஒழுங்கைக்கு ஒழுங்கை வாய்வழி போனது, எழுத்தில் ஏறவில்லை. இப்ப அந்த மனுசருக்கு அறுபது, எழுபது வயது.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி லைசன்ஸ் இல்லாமல் ரான்ஸ்மிற்றர் வைத்திருக்க முடியாது. பரீட்சையை நடத்துவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அதில் தேறினவருக்குச் சுன்னாகத்தில் இருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர். 7 மெகாஹேர்ட்ஸ் பெட்டி ஒன்று, கார் பற்றரி ஒன்று, 20 மீற்றர் வயர். வயரை நடுவில வெட்டி, ஐந்தாறு மீற்றர் உயரத்தில் கட்டினால் அலை நேரே மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும், பகலில் அந்தத் தூரத்துக்கு அது போதும். பனை உயரம்கூடத் தேவையில்லை, வளவுக்க நிக்கிற இரண்டு முருங்கை காணும்.