வீட்டு பிளானில் இருக்கும் 'செக்‌ஷன் ஏ-ஏ' என்றால் என்ன? ஓகே சொல்லும் முன் இதைப் பாருங்க!

வீடு கட்டுபவர்கள் பலரும் பிளானில் ரூம் சைஸ், வாசல் திசையை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஃப்ளோர் பிளானில் நீளம், அகலம்தான் தெரியும். உயரம் தெரியணும்னா 'செக்‌ஷன்' எனப்படும் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பார்க்க வேண்டும்.

செக்‌ஷன் என்றால் என்ன?

கேக்கை வெட்டினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் தெரியும் இல்லையா? அதேபோல, வீட்டை அஸ்திவாரம் முதல் மொட்டை மாடி வரை நேராக வெட்டியதாக நினைத்து வரைவதுதான் செக்‌ஷன்.

எந்த இடத்தில் வெட்டு?

பிளானின் குறுக்கே ஒரு கோடும், அதன் இரு முனைகளிலும் 'ஏ' என்ற எழுத்தும் அம்புக்குறியும் இருக்கும். கோடு, வெட்டும் இடம். அம்புக்குறி, பார்க்கும் திசை. வெட்டுப்படும் சுவர், ஸ்லாப் போன்றவற்றை சாய்கோடுகள் போட்டோ அழுத்தமாகவோ காட்டுவார்கள்.

எதையெல்லாம் செக் பண்ணணும்?

தேசிய கட்டிட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவுகள்:

* சுற்றியுள்ள நிலத்திலிருந்து வீட்டின் தரைமட்டம்: 45 செ.மீ.
* வசிக்கும் அறையின் உயரம்: 2.75 மீட்டர் (சுமார் 9 அடி)
* படிக்கட்டுக்குக் கீழே நடந்துபோகும் வழியின் உயரம்: 2.2 மீட்டர்

இதை மறக்காதீங்க

செக்‌ஷன் கோடு படிக்கட்டு வழியாகப் போகவில்லை என்றால், மாடி ஏறும்போது தலை இடிக்குமா என்பது படத்தில் தெரியாது. அப்படியானால் படிக்கட்டு வழியாக இன்னொரு செக்‌ஷன் வரைந்து தரச் சொல்லுங்க. பேப்பரில் கோட்டை மாற்றுவது சுலபம். கான்கிரீட் போட்ட பிறகு மாற்றணும்னா இடிக்கத்தான் வேண்டும்.