ஊர் பெயர்ந்த கோஷ்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்துக்கு உள்ள செல்வாக்கு, நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு உள்ள செல்வாக்கை ஒத்தது. எறிபவர் ஒருவர், மட்டை பிடிப்பவர் ஒருவர், பந்தைத் தடுக்கக் களமெங்கும் நிற்பவர் சிலர் என்ற அளவில் இரண்டும் உறவுடைய ஆட்டங்களே. இவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்ட கோஷ்டிகள் அந்நாட்டில் பல உண்டு. அவற்றுள் டாட்ஜர்ஸ் என்னும் கோஷ்டியின் வரலாற்றை இன்று நாம் நோக்குவோம். வெற்றி தோல்விக் கணக்குக்கு அப்பாற்பட்ட செய்தி ஒன்று அதில் அடங்கியுள்ளது.

இக்கோஷ்டி 1883-ஆம் ஆண்டில் புரூக்ளினில் தோன்றியது. இன்று நியூயார்க்கின் ஒரு பகுதியாகிய புரூக்ளின் அந்நாளில் தனி நகரமாக இருந்தது. மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, அவ்வூரார் அவற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கியே தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. 'டிராமுக்கு ஒதுங்குவோர்' என்று வேடிக்கையாக வழங்கிய பெயரே நாளடைவில் சுருங்கி 'டாட்ஜர்ஸ்' ஆயிற்று.

1913-இல் எபெட்ஸ் பீல்டு என்னும் மைதானம் இக்கோஷ்டிக்கு அமைந்தது. ஆயினும் வோர்ல்ட் சீரீஸ் எனப்படும் ஆண்டிறுதிப் பந்தயத்தில் வெற்றித் திருமகள் இவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. 1916-இலும் 1920-இலும் தோற்றனர். 1941 முதல் 1953 வரை ஐந்து முறை அண்டையிலிருந்த யாங்கீஸ் கோஷ்டியிடமே தோற்றனர். 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்பது புரூக்ளின் மக்களின் ஆறுதல் மொழியாகிவிட்டது.

இத்தோல்விகளுக்கு நடுவேதான் இக்கோஷ்டியின் தலையாய சாதனை நிகழ்ந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் கறுப்பினத்தவர் எவரும் பெரிய கோஷ்டிகளில் சேர்க்கப்படவில்லை. எழுதி வைத்த சட்டம் ஏதுமில்லை. எனினும் அத்தடையை மீறியவரும் இல்லை. டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945-இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரை அழைத்து ஒப்பந்தம் செய்தார். எவர் எவ்வளவு இழிவாகப் பேசினும் திருப்பித் தாக்காத மன வலிமை வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் எபெட்ஸ் பீல்டில் ராபின்சன் களமிறங்கினார்.

அவர் பட்ட துன்பங்கள் பல. எதிர்க் கோஷ்டியினர் ஏசினர். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. சில ஓட்டல்களில் இடம் மறுக்கப்பட்டது. சொந்தக் கோஷ்டியிலேயே சிலர் அவருக்கு எதிராகக் கையெழுத்துத் திரட்ட முயன்றனர். நிர்வாகம் அம்முயற்சியை முளையிலேயே கிள்ளியது. ராபின்சன் ஆட்டத்தாலேயே மறுமொழி கூறினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் என்ற விருது பெற்றார்; 1949-இல் தேசிய லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஆடிய பத்து ஆண்டுகளில் ஆறு முறை டாட்ஜர்ஸ் அந்த லீகின் முதலிடத்தைப் பெற்றது. திறந்த கதவு பின்னர் மூடவில்லை. ஆயினும் பெரிய கோஷ்டிகள் அனைத்திலும் கறுப்பின வீரர் இடம்பெற 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1955 அக்டோபர் 4-ஆம் நாள் யாங்கீஸை ஏழாவது ஆட்டத்தில் 2-0 என வென்று, புரூக்ளின் தன் முதல் வோர்ல்ட் சீரீஸ் வெற்றியைக் கண்டது. அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. உரிமையாளர் வால்டர் ஓமாலி புதிய மைதானத்துக்குக் கேட்ட இடம் நகரில் கிடைக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நிலம் தர முன்வந்தது. 1957-ஆம் ஆண்டுப் பந்தயங்கள் முடிந்ததும் கோஷ்டி நாட்டின் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தது. எபெட்ஸ் பீல்டு 1960-இல் இடிக்கப்பட்டது. அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. கோஷ்டியைத் தம்முடையது என்று எண்ணியிருந்த மக்களை எவரும் கலந்துகொள்ளவில்லை.

புதிய ஊரிலும் ஒரு துயரம் உண்டு. 1962-இல் மைதானம் எழுந்த சாவேஸ் ராவீன் பகுதி, மெக்சிக வமிசத்தவர் வாழ்ந்த இடம். வீடமைப்புத் திட்டம் ஒன்றுக்காக அவர்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர், திட்டம் கைவிடப்பட்டது, எஞ்சிய குடும்பங்கள் 1959-இல் பலவந்தமாக அகற்றப்பட்டன. 1981-இல் பெர்னாண்டோ வலென்சுவேலா என்னும் மெக்சிக இளைஞர் பந்தெறிந்து புகழ் பெற்றபோதுதான், அம்மக்களில் பலர் திரளாக அம்மைதானத்தை நாடி வந்தனர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றபின் 1959 முதல் 2025 வரை எட்டு முறை டாட்ஜர்ஸ் வோர்ல்ட் சீரீஸை வென்றது; புரூக்ளின் வெற்றியோடு சேர்த்து ஒன்பது. எனினும் ராபின்சன் அணிந்த 42 என்னும் எண்ணை 1997-இல் எல்லாக் கோஷ்டிகளும் அவருக்கே உரியதாக்கின. எந்த வெற்றிக்கும் இத்தகைய பெருமை வாய்க்கவில்லை.

புரூக்ளின் தெருக்களில் டிராம்கள் 1956-இல் நின்றுபோயின, மைதானமும் மறைந்தது. அத்தெருக்கள் தந்த பெயரோ நாட்டின் மறு கரையிலும் வழங்குகிறது. பிறந்த ஊரின் பெயரைத் தலையெழுத்தாகத் தாங்கி வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.