தென்சென்னைப் புறநகரில் புவியியல், நிலவியல் இளநிலைக் கல்வி

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை, பள்ளிக்கரணை, வண்டலூர் வட்டாரத்து மாணவர்கள் நிலத்தைப் பற்றிப் பயிலும் மூன்றாண்டுப் பட்டப் படிப்புகளும், அவற்றோடு சேர்ந்து வரும் இணையவழிக் கற்றலும் இக்கட்டுரையின் பொருள். புவியியல் நிலப்பரப்பையும் காலநிலையையும் மக்கள் வாழ்வையும் இடத்தோடு பொருத்திப் படிக்கும் துறை. நிலவியல் பாறை, கனிமம், தொல்லுயிர் எச்சம், நிலத்தடி நீர், புவியோட்டின் வரலாறு ஆகியவற்றை ஆராயும் துறை. இரண்டிலும் வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் அடுத்து களமே பாடம். அந்தக் களத்தில் தென்சென்னைப் புறநகருக்கு ஈடான இடங்கள் இந்தியாவில் குறைவு. நில அளவை, பாறையியல், தொல்பழங்கால ஆய்வு ஆகிய மூன்றிலும் நாட்டின் முதல் பக்கங்களில் சில இங்கேதான் எழுதப்பட்டன.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் நில அளவைக் கல்வி சென்னையில் 1794-இல் தொடங்கியது. மைக்கேல் டாப்பிங் என்ற அளவையாளரின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. 1978-இல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாக இன்றும் இயங்கும் அக்கல்லூரியில் புவித்தகவலியல் இளநிலைப் பொறியியல் படிப்பு கற்பிக்கப்படுகிறது.

1802 ஏப்ரல் 10 அன்று அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 7.5 மைல், அதாவது 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அடிக்கோடு எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. ஒரு கோட்டின் நீளம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்து கோணங்களை மட்டும் அளந்தே மூன்றாவது புள்ளியின் தொலைவைக் கணக்கிடலாம். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்து இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோணவியல் அளவைக்கு இந்தக் கோடுதான் தொடக்கம். அது ஓடிய நிலத்தின் மேல் இன்று வீடுகளும் சாலைகளும் நிறைந்துள்ளன.

1863 மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் கல்லால் செய்த கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவி அது. பாறையைப் பார்க்கப் பழகிய கண் மட்டுமே அதை வெறும் கல் அல்ல என்று பிரித்தறிந்திருக்கும். அவருடைய சேகரிப்பு பின்னர் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது.

1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் கொல்கத்தாவில் கிழக்கிந்திய நிறுவன அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அதே வகைப் பாறை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பதை எடுத்துக்காட்டி, அதற்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் அதன் அடையாளம். உலகப் பாறையியல் நூல்களில் இடம்பெற்றுவிட்ட இந்தப் பாறையின் மூல இடமாகிய பரங்கிமலையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

புவியியல் தனித் துறையாக வேரூன்றியது பின்னர்தான். 1926-இல் சென்னைப் புவியியல் சங்கம் தொடங்கப்பட்டது. பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் ஒன்றுகூடிய அந்தச் சங்கமே பின்னாளில் இந்தியப் புவியியல் கழகமாக மாறியது.

கல்வி நிலையங்கள்

தாம்பரத்தின் மூத்த உயர்கல்வி நிலையம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1837-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம் நூறு ஆண்டுகள் நகரின் நடுவே இயங்கிவிட்டு 1937-இல் சேலையூர்க் காட்டை ஒட்டிய பரந்த வளாகத்துக்கு வந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியிருந்ததால் அத்தனை தொலைவுக்கு இடம்பெயர முடிந்தது. 1978-இல் தன்னாட்சி பெற்ற இக்கல்லூரியில் புவியியல், சுற்றுலாவோடும் பயண மேலாண்மையோடும் இணைந்த இளநிலைப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. புதர்க்காடும் ஏரியும் பாறைத் திட்டுகளும் கொண்ட வளாகமே மாணவர்களின் முதல் களம்.

நகருக்குள் மாநிலக் கல்லூரியில் புவியியலும் நிலவியலும் உண்டு. 1914-இல் பெண்களுக்காகத் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரியில் புவியியல் துறை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நிலவியல் முதுநிலைப் படிப்பும் ஆய்வும் நடைபெறுகின்றன. நிலவியல் பட்டப் படிப்பு தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில்தான் இருக்கிறது. சென்னைக்கு வெளியே திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை அதில் பெயர் பெற்றவை.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி கைகொடுக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம் 1981-இல் தொடங்கியது. 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் இளநிலை அறிவியல் பட்டத்தில் புவியியலையும் நிலவியலையும் பாடங்களாகச் சேர்த்துள்ளது. நிலவியலுக்கான செய்முறை வகுப்புகளைக் கல்வி மையத்துக்கு நேரில் வந்தே முடிக்க வேண்டும்.

பாடத்திட்டம்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் பட்டப் படிப்பு ஆறு செமஸ்டர் கொண்டது. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். பகுதி நான்கில் திறன் மேம்பாடும் சுற்றுச்சூழல் கல்வியும் வருகின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள் பகுதி ஐந்து.

புவியியலின் முதன்மைப் பாடங்கள் நிலவடிவவியல், காலநிலையியல், கடலியல், மானுடப் புவியியல், பொருளாதாரப் புவியியல், இந்தியா மற்றும் தமிழ்நாட்டுப் புவியியல், தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை, பேரிடர் மேலாண்மை. செய்முறையில் அளவைகள் வரைதல், சம உயரக் கோடுகளிலிருந்து குறுக்குவெட்டு எடுத்தல், வரைபடக் கோட்டுச்சட்டங்கள், வானிலை வரைபடம் படித்தல், சங்கிலியும் பிரிஸ்ம திசைகாட்டியும் கொண்டு நிலம் அளத்தல் ஆகியவை இடம்பெறும். இந்திய அளவைத் துறையின் பழைய வரிசை எண் முறையில் தாம்பரம் 66 டி/1 என்ற நிலவரைபடத் தாளில் வருகிறது. 1:50,000 அளவையில் அமைந்த அந்தத் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் அரை கிலோமீட்டர். ஏரிகளையும் அவற்றின் கரைகளையும் உபரி நீர் வெளியேறும் கலங்கல்களையும் அதில் தேடிக் கண்டுபிடிப்பது புறநகர் மாணவருக்குத் தன் ஊரை முதன்முறையாக மேலிருந்து பார்க்கும் பயிற்சி.

நிலவியலில் படிகவியல், கனிமவியல், மூவகைப் பாறையியல், தொல்லுயிரியல், பாறை அடுக்கியல், கட்டமைப்பு நிலவியல், பொருளாதார நிலவியல், நிலத்தடி நீரியல் ஆகியவை உள்ளன. பள்ளியில் தனிப் பாடமாகப் படித்திராத துறை என்பதால் முதல் செமஸ்டர் அடிப்படையிலிருந்தே தொடங்கும். கனிமத்தின் நிறம், பளபளப்பு, கீறல் நிறம், கடினத்தன்மை ஆகியவற்றைக் கையில் வைத்தே சோதிப்பார்கள். பிறகு பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, துருவமுறு ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கருங்கல் என்று நாம் சுவருக்கும் ஜல்லிக்கும் வாங்கும் சார்னோக்கைட்டு அந்த மெல்லிய சீவலில் இளஞ்சிவப்பும் பசுமையுமாக நிறம் மாறும்.

களப் பயிற்சி

களப் பயணத்துக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் அரியலூரின் கிரீத்தேசியக் காலத் தொல்லுயிர்ப் படிவங்கள், திருவக்கரையின் கல்மரங்கள், சேலத்து மேக்னசைட்டுக் குன்றுகள், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். இவற்றுக்குப் பேருந்தும் தங்குமிடமும் வேண்டும். ஆனால் வீட்டுக்கருகே செய்யக்கூடிய களப்பணியும் ஏராளம்.

முதலாவது பாறை. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிகளில் கைவிடப்பட்ட கல் குவாரிகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான பாறையை உள்வரை திறந்து காட்டுகின்றன. வெப்பமும் அழுத்தமும் மிகுந்த புவியோட்டின் ஆழத்தில் உருமாறிய பாறை அது. மழைநீர் தேங்கி நிற்கும் கல்குட்டைகள் ஆழமானவை. ஆசிரியர் துணையும் உரிய அனுமதியும் இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

இரண்டாவது நீர். தாம்பரத்தின் மேற்குப் பக்கத்து ஏரிகளின் உபரி முடிச்சூர் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி இறங்கும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கலந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காட்டுக்கும் செல்கிறது. 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நீர் எங்கே பிரிகிறது, எந்தக் கலங்கல் அடைபட்டிருக்கிறது, எந்தக் கால்வாய் தெருவாக மாறியிருக்கிறது என்ற கேள்விகள் அந்த வாரத்தில் எல்லா வீட்டுக்கும் தேவைப்பட்டன. அவை புவியியல் மாணவரின் இரண்டாம் ஆண்டுப் பாடக் கேள்விகள்.

மூன்றாவது கடற்கரை. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையுள்ள மணற்பரப்பு மழைநீரை உறிஞ்சி நன்னீராகச் சேமிக்கிறது. கிணறுகளிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகும். கிணற்று நீரின் மின்கடத்துதிறனை மாதந்தோறும் அளந்து பதிவு செய்வது செலவில்லாத நல்ல ஆய்வுத் திட்டம்.

இணையவழிக் கற்றல்

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் திட்டம் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒருங்கிணைப்பில் இயங்குகிறது. நடுவண் அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளம் 2017 ஜூலையில் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் ஒரு பட்டப் படிப்பின் பாடங்களில் 20 விழுக்காடு வரையும், 2021-இல் 40 விழுக்காடு வரையும் ஸ்வயம் வழியே படித்துக் கிரெடிட் பெற இடமளித்தது. கல்லூரியின் கல்விக் குழு ஏற்றுக்கொண்ட பாடமா என்பதைப் பதிவு செய்யும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

தொலையுணர்வுக்கும் புவியியல் தகவல் முறைமைக்கும் டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணைய வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இந்திய நிலப்படங்களைத் தருகிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதலும், ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015-இல் அந்தச் செயற்கைக்கோள் ஏவப்பட்டதிலிருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருளும் இலவசம். இவற்றைக் கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிய விதத்தை ஒரு மாணவர் வீட்டிலிருந்தே வரைய முடியும். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

இணையத்தில் பாடம் படிக்கத் தனித் திறன்கள் தேவை. ஸ்வயம் பாடம் காணொலி, எழுத்துப் பாடம், பயிற்சி வினா, கலந்துரையாடல் என்று நான்கு கூறுகளால் ஆனது. காணொலியை மட்டும் பார்ப்பவர் கால் பங்கைத்தான் படிக்கிறார். என்.பி.டி.இ.எல். சான்றிதழ் மதிப்பெண்ணில் 25 விழுக்காடு வாரப் பயிற்சிகளுக்கும் 75 விழுக்காடு தேர்வு மையத்தில் எழுதும் தேர்வுக்கும் உரியது. எனவே பயிற்சியை வாரக் கெடுவுக்குள் முடிக்கும் ஒழுங்கு முதல் திறன். காணொலியை நிறுத்தி நிறுத்தித் தன் சொற்களில் குறிப்பெடுத்தல் இரண்டாவது. தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாக எழுதி வைத்தால் மூன்றாம் வாரத்திலேயே தயக்கம் குறையும். என்.பி.டி.இ.எல். சில பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் தருகிறது.

தரவைச் சோதித்தல் அடுத்த திறன். படம் எந்த நாளில் எடுத்தது, ஒரு படப்புள்ளி நிலத்தில் எத்தனை மீட்டர், எந்த ஆயத்தொலை முறை என்ற மூன்றையும் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். யு.டி.எம். என்ற ஆயத்தொலை முறையில் சென்னை 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. மண்டலத்தைத் தவறாகக் கொடுத்தால் ஏரி வேறெங்கோ போய் நிற்கும்.

இணையத் தரவுக்கு எல்லையும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் சில மீட்டர் பிழை இயல்பு. தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை நோக்கிய சமதளத்தில் அடுத்தடுத்த ஏரிகளுக்கிடையே உள்ள சரிவும் சில மீட்டர்தான். கணினி காட்டும் நீரோட்டப் பாதை உண்மையா என்பதை மழை நாளில் கலங்கலுக்கு நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இணையமும் களமும் ஒன்றையொன்று திருத்துபவை. இதுவே இந்தப் படிப்புகளில் மாணவர் கற்றுக்கொள்ள வேண்டிய தலையாய பாடம்.

மேற்படிப்பும் பணியும்

நிலவியல் பட்டதாரிகள் ஐ.ஐ.டி.களின் முதுநிலைப் படிப்புக்கு ஜாம் நுழைவுத் தேர்வில் நிலவியல் தாளை எழுதலாம். முதுநிலைக்குப் பின், மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் வழி. புவியியல் பட்டதாரிகள் பி.எட். முடித்து ஆசிரியராகலாம், வரைபடத் தரவு நிறுவனங்களில் சேரலாம், குடிமைப் பணித் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் போன்ற ஆய்வு நிலையங்கள் அருகிலேயே உள்ளன.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. அதன் ஏரிகளுக்கும் வடிகால்களுக்கும் நிலத்தடி நீருக்கும் தொடர்ந்து கணக்கு வைக்க, பாறையையும் படத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் வேண்டும். அவர்களை இந்த ஊர்க் கல்லூரிகளிலேயே உருவாக்க முடியும். அதற்குத் தேவையான நிலமும் தரவும் இங்கேயே இருக்கின்றன.