மறைவிடக் கட்டியும் ஐதராபாத் மருத்துவமும்

தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பின் அருகிலும் வலியோடு எழும்பும் கட்டி பெரும்பாலும் சாதாரணச் சீழ்க்கட்டிதான். மயிர்க்காலில் கிருமி புகுந்தால் வரும். பெண்களுக்கு யோனி வாயிலோரச் சுரப்பி அடைபட்டுச் சீழ் பிடித்தாலும் வரும். உடலுறவால் தொற்றும் நோய்களும் அதே இடத்தில்தான் தலைகாட்டுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐதராபாத்தில் இவற்றைப் பிரித்தறிய, மருத்துவ அறிவின் குறையோடு, அந்த இடத்தை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் தடையாக நின்றது.

நகரின் யுனானி ஹக்கீம்கள் கட்டியை முதலில் கரைக்கப் பார்ப்பார்கள். கரையாவிட்டால் பற்றும் மர்ஹம் களிம்பும் போட்டுப் பழுக்கவைப்பார்கள். பழுத்ததைக் கீறுவது அறுவை செய்பவரான ஜர்ராஹின் வேலை. முறை தெளிவானது. ஆனால் பர்தாவுக்குள் இருந்த பெண்ணின் மறைவிடத்தை ஆண் வைத்தியர் பார்க்க வழியில்லை. வலியைச் சகித்துக்கொண்டு கட்டி தானாக உடையும்வரை காத்திருப்பதே பலருக்கு விதிக்கப்பட்ட வைத்தியம்.

ஹுசைன் சாகர் ஏரிக்கு அக்கரையில், 1806இல் உருவான சிக்கந்தராபாத் ராணுவ முகாமில் நிலைமை நேர்மாறு. அங்கே இருந்தவை சென்னை ராணுவத்தின் படைகள். 1805 முதல் சென்னை மாகாணத்துப் படைமுகாம்களில் தொடங்கப்பட்ட லாக் ஆஸ்பத்திரி இங்கும் இருந்தது. சிப்பாய்களுக்கு மேகநோய் எனப்பட்ட பால்வினை நோய் தொற்றாமல் தடுப்பதாகச் சொல்லி, பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயமாகப் பரிசோதித்து, நோய் தெரிந்தால் அடைத்துவைத்தார்கள். பர்தாவுக்குள் இருந்தவளை ஆண் வைத்தியர் பார்க்கக் கூடாது. முகாமில் இருந்தவளால் மறுக்கவே முடியாது. இரண்டிலும் நோயாளியின் விருப்பம் கேட்கப்படவில்லை, அதுதான் இந்த வரலாற்றின் கொடுமை. 1888இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை கட்டாயப் பரிசோதனைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

இவ்வளவு பரிசோதித்தும் நோயறிதல் தடுமாறியது. கிரந்திப் (சிபிலிஸ்) புண் பொதுவாக வலிக்காது, விளிம்பு கெட்டியாக இருக்கும். மென்புண் (சாங்க்ராய்டு) நன்றாக வலிக்கும். அதனால் தொடை இடுக்கில் நெறிகட்டி, சீழ்பிடித்து அரையாப்பு எனும் கட்டியாக மாறலாம். மென்புண்ணின் கிருமியை 1889இல் இத்தாலியின் டுக்ரே கண்டறிந்தார். கிரந்தியின் கிருமி தெரிய 1905 ஆகிவிட்டது. அதுவரை மருத்துவரின் கையும் கண்ணும்தான் துணை. கிரந்திக்குப் பாதரசமே முக்கிய மருந்து.

அதே காலத்தில் நிஜாமின் நகரம், வலி தெரியாமல் மயக்கும் குளோரோபாம் மருந்தைப் பற்றியும் ஆராய்ந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மருத்துவர் எட்வர்ட் லாரி 1888, 1889 ஆண்டுகளில் நடத்திய ஐதராபாத் குளோரோபாம் ஆணையங்களுக்கு ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் பணம் கொடுத்தார். குளோரோபாம் இதயத்தை நேரடியாகத் தாக்காது என்ற அவற்றின் முடிவு பின்னால் தவறென்று தெரிந்தது. நிலைத்த பலன் வேறு. லாரியிடம் படித்து 1889இல் ஹக்கீம் என்ற பெயரிலான மருத்துவப் பட்டம் பெற்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராக ஐதராபாத் மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் பணியாற்றினார். மறைவிடத்தை ஒரு பெண்ணிடம் காட்டி, வலி தெரியாமல் கீறிக்கொள்ளும் வழி அவரைப் போன்றவர்களால்தான் திறந்தது.

இன்று சிறு கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், பிதுக்கக் கூடாது. காய்ச்சல், வேகமாகப் பரவும் வீக்கம், புண், சில நாளில் அடங்காத வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். சர்க்கரை நோயாளிகள் காத்திருக்கவே கூடாது. அரசு மருத்துவமனைகளின் சுரக்‌ஷா கிளினிக்குகளில் பால்வினை நோய்களுக்கு இலவசமாக, ரகசியம் காத்து, நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சை தருகிறார்கள்.